பாட்டியின் வாயை அடைக்காதீர்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பெற்றோர் பலர் ஒரு விசித்திரமான கட்டளையைச் சிரமேற்கொண்டு நடக்கின்றனர். மழலையர் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போதே, 'வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்' என்று சொல்லி அனுப்பும் பள்ளிகள் உண்டு. தாயும் தலையாட்டிவிட்டு வருகிறாள். அவள் அறிந்த ஆங்கிலமோ 'கம்', 'சிட்', 'ஈட்' என்னும் சில ஏவல்கள். அன்று முதல் அவ்வீட்டில் கதையில்லை, கேலியில்லை, கொஞ்சலில்லை. ஏவல் மட்டுமே எஞ்சுகிறது.

இந்த மோகத்திற்கு இம்மண்ணில் ஒரு பின்னணி உண்டு. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம், லாரிக்கும் முட்டைக்கும் மட்டுமல்ல, பொதுத்தேர்வில் மாநில இடங்களை அள்ளிய உறைவிடப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. தரவரிசை வெளியிடுவதை அரசு 2017-இல் நிறுத்திற்று, மோகம் நின்றதா? பதினேழு வயதுத் தேர்வுக்கான ஆயத்தம் தொட்டிலருகே வந்து நிற்கிறது!

பேச்சு பாடமன்று. கருவிலேயே தாயின் குரலைக் கேட்டுப் பழகிய சிசு, பிறந்த சில நாள்களிலேயே பிற பெண்களின் குரலைவிட அக்குரலை விரும்புகிறது என 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் ஆய்வாளர் காட்டினர். நம் புலவர்களோ அம்புலியை விளையாட அழைப்பதையே பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாக வகுத்தனர். பதில் சொல்லத் தெரியாத குழந்தையோடும் ஓயாது பேச வேண்டும் என்பது நமக்குப் புதிதா?

சாலையோரத்து வீடொன்றை எண்ணிப் பாருங்கள். குழந்தை கைநீட்டி 'யாயி' என்கிறது. 'லாரியா? ஆமாஞ் சாமி, பெரிய லாரி போகுது, முட்டை ஏத்திக்கிட்டுப் போகுது' என்கிறாள் பாட்டி. ஒரு சொல்லை வாங்கிப் பல சொல்லாகத் திருப்பித் தந்தாள். 'சரியாகச் சொல்' என்று அதட்டவில்லை. பின் சற்றே வாய்மூடிக் காத்திருந்தாள். குழந்தைக்கும் முறை வர வேண்டுமே! பேச்சுப் பயிற்சியாளர் பெற்றோருக்குக் கற்பிப்பதும் இதனையே. குச்சிக்கிழங்கை உரிக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்தால் போதும். ஆங்கிலம் அறியாத இந்தப் பாட்டியையா வாயடைக்கச் சொல்கிறீர்கள்?

'இரு மொழி கேட்டால் பிள்ளை குழம்பும்' என்பர் சிலர். சேலத்து நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசி வளர்ந்தவர்கள் தெருவில் தமிழ் பேசத் தடுமாறினார்களா? ஆங்கிலம் வரட்டும், நன்றாகப் பேசத் தெரிந்தவரிடமிருந்து வரட்டும். வீட்டுமொழியில் வேரூன்றிய பிள்ளைக்கு அது எளிதில் கைவரும்.

சோறூட்டக் கைப்பேசியை நீட்டுவோருக்கும் ஒரு சொல். இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டாம் என 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. திரை ஓயாது பேசும். குழந்தையின் மறுமொழிக்குக் காத்திராது.

இன்னொரு தவறும் நம்மிடையே உண்டு. 'அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்' என்று ஆண்டுக்கணக்கில் ஆறுதல் சொல்லிக்கொள்வது. ஒரு வயதில் மழலை ஒலியும் சைகையும் இல்லையெனில், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையெனில், முதலில் காதைச் சோதிக்க வேண்டும். சொந்தத்திற்குள் மணம் முடிக்கும் நம் பகுதியில் இது மிகவும் அவசியம். 2013 முதல் அரசு மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அன்றைக்குப் பார்த்துப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.