பழந்துப்பாக்கியும் பண்டமாற்றும்

பழம்பொருள் திரட்டுதல் பண்பட்ட பொழுதுபோக்கு என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. பழைய நாணயங்களையும் அஞ்சல் தலைகளையும் ஓலைச்சுவடிகளையும் திரட்டுவோர் வரலாற்றுக்குத் துணை செய்கின்றனர். ஆயினும், பழமை என்னும் போர்வையைப் போர்த்தி எப்பொருளையும் வீட்டிற்குள் கொண்டுவரலாம் என்று கருதுவது அறிவுடைமை ஆகாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பழைய சிறு கைத்துப்பாக்கிகளைப் பண்டமாற்றாகப் பெறும் வழக்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஒகாயோ மாநிலத்தில் பணி ஓய்வு பெற்று வாழும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்க. வார இறுதியில் பேரப் பிள்ளைகள் அவர் இல்லத்திற்கு வருவர். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்துள்ள புதுவகைக் கைத்துப்பாக்கி ஒன்று அவரிடம் உண்டு. அதே மாநிலத்தைச் சேர்ந்த, அவர் அதிகம் அறியாத ஒருவர், 'கோல்ட்' நிறுவனத்தின் 1903ஆம் ஆண்டு மாதிரிச் சிறு கைத்துப்பாக்கியைக் காட்டி, "ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வோம், பணம் வேண்டா" என்கிறார். ஓய்வு பெற்றவருக்கு உறக்கம் வரவில்லை. மாற்றுவதா, விடுவதா?

அவர் உள்ளத்தில் எழும் வினாக்கள் யாவை? இரும்பின் நீல மெருகு தொழிற்சாலையில் ஏற்றியதா, பின்னர்ப் பூசியதா? பிடியில் விரிசல் உண்டா? வரிசை எண் எந்த ஆண்டைக் குறிக்கிறது? நாளை விற்றால் விலை ஏறுமா? இவை அனைத்தும் வணிகனின் வினாக்கள். பாட்டனாரின் வினா ஒன்றேனும் இவற்றுள் இல்லை.

அத்துப்பாக்கியின் வரலாறு சிறிதன்று. ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்க வல்லுநர் அதனை வடிவமைத்தார். 1903 முதல் 1945 வரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்; எடை ஏறத்தாழ 680 கிராம். சட்டைப் பையில் அடங்கும். 8 தோட்டாக்களைக் கொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைத்தளபதிகளுக்கும் அது வழங்கப்பட்டது. இவற்றையெல்லாம் எடுத்துரைத்தே மாற்றுவோர் மனத்தை மயக்குகின்றனர்.

ஆனால் பழமை என்பது யாது? பழைய நிழற்படக் கருவிக்குரிய படச்சுருள் பல வேளைகளில் இன்று கிடைப்பதில்லை. ஆகவே அது காட்சிப் பொருளாய் ஓய்வு பெறுகிறது. இத்துப்பாக்கிக்குரிய தோட்டாவையோ தொழிற்சாலைகள் இன்றும் செய்கின்றன. கடைகளில் இன்றும் விற்கின்றன. நூறாண்டுக்கு முன் அது செய்த தொழிலை இன்று காலையும் செய்யும். தொழிலினின்று ஓய்வு பெறாத பொருளைப் பழம்பொருள் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் வஞ்சனை அன்றோ?

அமெரிக்கச் சட்டமே இவ்வஞ்சனைக்கு இடம் தரவில்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவையே தொன்மைப் பொருள்கள். ஐம்பது ஆண்டு நிரம்பியவை அரும்பொருள் வகையில் சேரலாம். எனினும் அவை துப்பாக்கி என்னும் நிலையினின்று நீங்குவதில்லை.

அதன் பெயரே ஒரு பொய். 'சுத்தியல் இல்லாத சட்டைப்பைத் துப்பாக்கி' என்பது அதன் வணிகப் பெயர். உண்மையில் சுத்தியல் உண்டு. அது உடலுக்குள் மறைந்திருக்கிறது. ஆதலின், அது வெடிக்க அணியமாய் உள்ளதா இல்லையா என்பதை வெளியிலிருந்து கண்ணால் காண இயலாது. தொடக்கக் காலத்தில் செய்யப்பட்டவற்றுள், தோட்டாப் பேழையைக் கழற்றிய பின்னும் குழலில் தங்கிய ஒரு தோட்டா வெடிக்கக்கூடும். பேழையைக் கழற்றிவிட்டேன், இனி அச்சமில்லை என்று மேசைமேல் வைக்கும் முதியவரும், அதனை விளையாட்டுப் பொருளென்று எடுக்கும் சிறுவனும் இருக்கும் வீட்டில், அந்த ஒரு தோட்டா போதும்.

இது வீண் அச்சம் என்பார், 2020ஆம் ஆண்டின் கணக்கைக் காண்க. 1 முதல் 19 வயது வரையுள்ள அமெரிக்கச் சிறுவர், இளையோர் இறப்புக்கு அவ்வாண்டில் துப்பாக்கியே முதற்காரணமாயிற்று. 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர்; அவர்களுள் 26,328 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். கள்வனை எண்ணி வீட்டில் வைத்த கருவி, வீட்டாரின் துயர வேளையில் அவர் கைக்கே எட்டிவிடுகிறது.

இவற்றினும் பெரிய பிழை ஒன்று உண்டு. பண்டமாற்றுக்கு இரு முனைகள். வருவதைப் பற்றி ஏழு இரவு எண்ணுகிறவர், போவதைப் பற்றி ஒரு நொடியும் எண்ணுவதில்லை. தம் புதுத்துப்பாக்கி யார் கைக்குப் போகிறது? உரிமம் பெற்ற வணிகர் ஒருவர் விற்றால், வாங்குவோரின் குற்றப் பின்னணியை ஆராய வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம் வகுத்த நெறி. ஒகாயோ போன்ற மாநிலங்களில், தனியார் இருவர் தமக்குள் மாற்றிக்கொள்ளும்போது இந்த ஆராய்ச்சி கட்டாயமன்று. சட்டம் விட்ட இடைவெளியை மனச்சான்று நிரப்ப வேண்டாவா? "நல்லவராகத் தோன்றினார்" என்னும் சொல், பின்னொரு நாள் பிணத்தின்முன் நிற்கும்போது விடையாகுமா?

கைமாறும் சிறு துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு வரலாறே சான்று. 1914ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில் ஆசுத்திரிய இளவரசரையும் அவர்தம் மனைவியாரையும் வீழ்த்தியது, அதே பிரௌனிங் வடிவமைத்த 1910 மாதிரிச் சிறு கைத்துப்பாக்கி. அதன் இரண்டே குண்டுகள் உலகப் போருக்கு வாயில் திறந்தன. 1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் காந்தியடிகளின் உடலைத் துளைத்த 3 குண்டுகள், 'பெரெட்டா' நிறுவனத்தின் 1934 மாதிரிச் சிறு கைத்துப்பாக்கியிலிருந்து வந்தவை. அத்துப்பாக்கி கடையில் முறையாக வாங்கியதன்று; குவாலியரில் கைமாறிக் கொலைஞன் கைக்கு வந்தது. அதனை முதலில் விட்டுக்கொடுத்த கை எதுவாயினும், அஃது அடிகளை எண்ணியிராது. எண்ணாமையே குற்றம்.

துப்பாக்கி வைத்திருத்தல் அரசியலமைப்பு தந்த உரிமை என்பர் சிலர். 1791இல் சேர்ந்த இரண்டாம் திருத்தமும், தனிமனிதர்க்கு அவ்வுரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2008இல் அளித்த தீர்ப்பும் மறுக்கத்தக்கன அல்ல. ஆனால் செய்ய உரிமை உண்டு என்பது வேறு. செய்யத் தகும் என்பது வேறு. வரலாற்றைக் காக்கவே வாங்குகிறேன் என்பர் வேறு சிலர். வரலாற்றைக் காக்கும் இடம் அரும்பொருட்காட்சியகம். சரயேவோ கொலையோடு தொடர்புடைய துப்பாக்கி வியன்னா நகரின் போர் வரலாற்றுக் காட்சியகத்தில் இருக்கிறது. படுக்கையறை இழுப்பறை காட்சியகம் ஆகாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் கடுங்குற்றம். ஆகவே இவ்வழக்கு பிற நாட்டாருடையது என்று தமிழ் மாணவர் ஒதுக்கிவிடலாம். ஒதுக்கலாகாது. திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' என்றோர் அதிகாரம் உண்டு. ஒரு செயலில் இறங்குமுன் அழிவது எது, ஆவது எது, பின்னர் விளையும் ஊதியம் எது என்னும் மூன்றையும் ஒருங்கே எண்ணுக என்பது அதன் தொடக்க நெறி. அந்த ஓய்வு பெற்றவர் எண்ணியது ஆவதை மட்டுமே. அழிவதை எண்ணினாரல்லர், பின்விளைவை எண்ணினாரல்லர். எந்நாட்டில் எப்பொருளை மாற்றினும் இக்குறை ஒன்றே.

அம்மூன்றையும் நிறுத்துப் பார்த்தால் முடிவு தெளிவு. ஆவது, மெருகிட்ட இரும்புத்துண்டு ஒன்றும் அதைப் பற்றிய பெருமைப் பேச்சும். அழியக்கூடியது, பேரப்பிள்ளையின் உயிரோ முன்பின் அறியாத ஒருவர் உயிரோ. ஊதியம், விலை ஏறலாம் என்னும் நம்பிக்கை. ஆசை அடங்காதெனின், உரிமம் பெற்ற வணிகர் வழியே, இரு துப்பாக்கிகளுக்கும் பின்னணி ஆராய்ந்து, பூட்டிய இரும்புப் பெட்டியில் தோட்டாவை வேறாக்கி வைத்தல் கடமை. ஆயினும் அவ்வளவு காவல் வேண்டும் பொருளை விளையாட்டுப் பொழுதுபோக்கென்று அழைப்பதே பிழை. அறிவுடைய பாட்டனார் கைகுலுக்கி, "வேண்டா ஐயா" என்று சொல்லி, வெறுங்கையோடு வீடு திரும்புவார். பேரப் பிள்ளைகள் ஓடிவந்து பற்றுவதற்கு அந்த வெறுங்கையே தக்கது.