முள் பொய் சொல்லலாம்... ஒரு பக்கமாக!

மொபெட், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் ஸ்பீடாமீட்டர் முள் கடைசியாக எப்போது அசைந்தது?

எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் மீட்டர் கேபிள் அறுபடாத வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பின்னால் இரண்டு கிரேட் தக்காளி, முன்னால் ஒரு பையன், மீட்டரில் சைபர். மணிக்கு சைபர் கிலோமீட்டர் வேகத்திலேயே விடிவதற்குள் பாலக்கோடு மார்க்கெட் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். கேட்டால், "வேகம் காத்துலயே தெரியும் சார்!"

இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் எட்டு மாதமாக ஒரு ஸ்பீடாமீட்டருக்காகத் தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டிருக்கிறான். என் சித்தப்பா பையன். டிப்ளமோ மெக்கானிக்கல், ஓசூரில் ஷிஃப்ட் வேலை. மீதி நேரமெல்லாம் சித்தப்பாவின் தென்னந்தோப்பில், மோட்டார் ரூமை ஒட்டிய தகரக் கொட்டகையில். அதற்குள் அவனே கட்டிய கார் நிற்கிறது. சதுரக் குழாயை வெட்டி வெல்டு வைத்த சட்டம், இரண்டு சீட். கதவு கிடையாது, கூரை கிடையாது. இன்ஜின், பழைய மாருதி 800-லிருந்து கழற்றிய 796 சி.சி., மூணு சிலிண்டர். மாருதியில் அது முன்னால் இருக்கும். இவன் டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறான்.

சித்தி அந்த வண்டிக்கு வைத்திருக்கும் பெயர் 'கட்டில்'.

சீமையில் இதற்கு கிட் கார் என்று கௌரவமான பெயர் உண்டு. 1957-ல் லோட்டஸ் கம்பெனி 'செவன்' என்று ஒரு குட்டிக் காரை உதிரி உதிரியாகப் பெட்டியில் போட்டு விற்றது. முழுக் காருக்குத்தான் விற்பனை வரி, பெட்டிக்கு இல்லை. (நான் பி.காம். என்பதால் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிச் சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதையும் உலவுகிறது.

நம்மூரில் பெட்டியும் கிடையாது, புத்தகமும் கிடையாது. ஆனால் ஆசாமிகளுக்குப் பஞ்சமில்லை. கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு 1952-ல் இரண்டாயிரம் ரூபாய் அடக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். தயாரிக்க சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை, அத்தோடு சரி. மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்து தத்தாத்ரேய லோஹார், பழைய இரும்பையும் டூவீலர் சாமானையும் சேர்த்து, கிக்கர் உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற ஜீப் ஒன்று செய்தார். 2021 டிசம்பரில் ஆனந்த் மஹிந்திரா அதைப் பார்த்துவிட்டு, "இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு அதிகாரிகள் இதை ஓட்ட விடமாட்டார்கள்" என்கிற அர்த்தத்தில் எழுதி, பதிலுக்கு ஒரு பொலீரோ கொடுத்தார். லோஹாரின் ஜீப்பை செங்கல்பட்டுப் பக்கமுள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்து சேகரிப்பில் சேர்ப்பதாக அறிவிப்பும் வந்தது.

என் தம்பி கட்டிலுக்கு யாரும் பொலீரோ தரப்போவதில்லை. சரி, மீட்டருக்கு வருவோம்.

பழைய மீட்டர் ஒரு அழகான சமாச்சாரம். 1902-ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ஸே பேடண்ட் வாங்கியது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே வந்து, மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். காந்தம் சுற்றச் சுற்ற, தொடாமலே கிண்ணத்தை இழுக்கும். கிண்ணத்தில் முள். முள்ளை ஒரு மெல்லிய சுருள்கம்பி, 'போதும், வா' என்று பிடித்து வைத்திருக்கும். இழுப்பும் பிடிப்பும் சமமாகிற இடம்தான் வேகம். எங்கள் ஊரில் அறுந்து தொங்குவது இந்தக் கேபிள்தான்.

கட்டிலில் கியர்பாக்ஸ் பின்னால், மீட்டர் முன்னால். கேபிள் அவ்வளவு தூரம் எட்டாது. எட்ட வைத்தாலும் இரண்டு இடத்தில் முழங்கையாக மடங்க வேண்டும். மடங்கினால் அறுந்துபோகும். அதனால்தான் எலக்ட்ரானிக் சென்சார். பெங்களூர் பாசஞ்சர் ஏறி, எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து, ஒரு ஹால் சென்சாரும் இரண்டு சின்ன காந்தமும் வாங்கி வந்தான்.

1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர், கரண்ட் ஓடுகிற உலோகத் தகட்டின் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் தகட்டின் குறுக்கே கொஞ்சூண்டு வோல்டேஜ் தோன்றுகிறது என்று கண்டுபிடித்தார். அதுதான் அந்த சென்சார். காந்தம் கடந்து போகும்போதெல்லாம் 'ஒன்று' என்று கணக்கு எழுதும் குமாஸ்தா. சக்கரத்தில் காந்தத்தை ஒட்டு, எதிரே குமாஸ்தாவை உட்கார வை. வேலை முடிந்தது என்று தம்பி நினைத்தான்.

மூன்றாம் நாள் ஒரு காந்தம் பசை விட்டுப் பறந்துவிட்டது. தோப்புக்குள் எங்கே விழுந்ததோ தெரியவில்லை. ஆனால் மீட்டர் வேலை செய்துகொண்டேதான் இருந்தது. அதுதான் வம்பு. சுற்றுக்கு இரண்டு எண்ண வேண்டிய குமாஸ்தா, ஒன்று எண்ணினான். நாற்பதில் போனால் இருபது காட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான்டா மனுசனாட்டம் ஓட்டற" என்றார். வாய்க்கால் மேட்டுக்கு முன்னால் பிரேக் போட்டபோது வண்டி நினைத்த இடத்தில் நிற்காமல் மேட்டில் ஏறித்தான் நின்றது. சித்தப்பா அன்றிலிருந்து அதில் ஏறுவதில்லை.

முள் சைபரில் படுத்திருந்தால் ஆபத்து குறைவு சார். அது செத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை நம்பப் போவதில்லை. உயிரோடு இருந்து குறைத்துச் சொல்கிற முள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

எவ்வளவு கவிழ்க்கும்? பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரம், வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஓரளவு நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்று வைத்துக்கொண்டால், அறுபதில் போகிற கார் சுமார் 28 மீட்டரில் நிற்கும். அறுபத்தாறில் போனால் 34. வித்தியாசம் ஆறு கிலோமீட்டர் வேகம்தானே என்று நினைப்போம். கூடுதலாகப் போகிற அந்த ஆறு மீட்டரில் ஒரு மாட்டு வண்டி மாட்டோடு நிற்கலாம்.

இந்த அறுபத்தாறை நான் சும்மா எடுத்துப் போடவில்லை. கட்டிலுக்கு இருப்பது மாருதியின் 145/70 ஆர் 12 டயர். பார்வையாக இருக்கட்டும் என்று 145/80 ஆர் 13 மாட்ட தம்பிக்கு ஒரு ஆசை. மாட்டினால் டயரின் குறுக்களவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். குமாஸ்தாவுக்கு அது தெரியாது; அவன் சுற்றை மட்டும்தான் எண்ணுவான். மீட்டர் அறுபது என்னும். வண்டி அறுபத்தாறில் ஓடும். கம்பெனி காரில் அலாய் வீல் மாற்றுகிற கனவான்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாம் தடவை தம்பி காந்தத்தை நம்பவில்லை. அவன் வேலை பார்க்கும் இடத்தில், கன்வேயரில் போகிற சாமான்களை எண்ண ஒரு சென்சார் உண்டு. ப்ராக்ஸிமிட்டி என்பார்கள். சுண்டுவிரல் கனத்தில், மரை போட்ட பித்தளைக் குழாய். வாலில் மூன்று ஒயர்: பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சேதி. காந்தமே வேண்டாம்; எதிரே இரும்பு வந்தாலே எண்ணும். முதுகில் ஒரு குட்டி விளக்கு வேறு, ஒவ்வொரு தடவையும் கண் சிமிட்டும். அதே சாதியில் ஒன்றைக் கடையில் காசு கொடுத்து வாங்கினான். (கம்பெனியில் கேட்டுவிடாதீர்கள், பில் இருக்கிறது.)

இதை எங்கே வைப்பது? பின் சக்கரத்தில் வைத்தால், மழைக்காலச் சேற்றில் சக்கரம் வெறுமனே சுற்றும்போது நின்ற இடத்திலேயே நாற்பது காட்டும். அதனால் முன் சக்கரம். ஹப்போடு சேர்ந்து சுற்றும் நாலு போல்ட் தலைகள்தான் எண்ணிக்கைக்கு. சென்சாரைச் சட்டத்தில் முடுக்கினால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரம் அதை விட்டு விலகிப் போய்விடும். ஆகவே சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிற நக்கிளில் ஒரு தகட்டை வளைத்து உட்கார வைத்தான். இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்குள். கூடினால் எண்ணாது, குறைந்தால் பேரிங் ஆட்டத்தில் போல்ட் வந்து மூக்கை உடைக்கும். பத்துப் பைசா நாணயத்தைச் செருகிப் பார்த்துப் பார்த்து வைத்தான். அந்தக் காசுக்கு இப்படியாவது ஒரு உபயோகம்.

அதற்குப் பிறகும் ஒரு கூத்து. வண்டி நிற்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மீட்டர் நூற்றி நாற்பது! இன்ஜினின் பிளக் ஒயரையொட்டி சென்சார் ஒயரை இழுத்திருந்தான். ஒவ்வொரு தீப்பொறியும் குமாஸ்தா காதில் 'ஒன்று' என்று விழுந்திருக்கிறது. ஒயரை எதிர்ப்பக்கமாக, கவசம் போட்டு இழுத்ததும் அடங்கியது.

இனி கணக்கு. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டருக்குச் சொல்லித் தர வேண்டும். டயரில் எழுதியிருக்கும் அளவை வைத்துக் காகிதத்தில் போட்டால் சுற்றளவு 1.595 மீட்டர், கிலோமீட்டருக்கு 627 சுற்று, நாலால் பெருக்கினால் 2508. தம்பி அதோடு விடவில்லை. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, காற்றைச் சரியாக அடித்து, சீட்டில் என்னை உட்கார வைத்து (என் எடையும் ஒரு நாள் விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது), களத்து மேட்டு சிமெண்ட் தரையில் பத்து சுற்று தள்ளினான். டேப் பிடித்தால் 15 மீட்டர் 60 சென்டிமீட்டர். ஆள் ஏறினால் டயர் அமுங்குமில்லையா? ஆக ஒரு சுற்று 1.56 மீட்டர். கிலோமீட்டருக்கு 2564.

"எதைண்ணா போடறது? காகிதமா, களமா?"

பி.காம். படித்ததற்கு எனக்கு ஒரு வேலை வந்தது. கணக்கு எழுதுவதில் ஒரு பழைய தர்மம் உண்டு: வரப்போகிற லாபத்தை வந்ததாக எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்தை இப்போதே எழுதி வை. ஸ்பீடாமீட்டருக்கான ஐ.நா. விதி 39-ம் அதே தர்மம்தான். நிஜ வேகத்தைவிடக் குறைத்து முள் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் பத்தில் ஒரு பங்கு, மேற்கொண்டு நாலு கிலோமீட்டர் வரைக்கும். நிஜம் அறுபது என்றால் முள் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் எங்கேயும் நிற்கலாம். ஐம்பத்தொன்பதில் நின்றால் ஃபெயில். 2508 போட்டால் அறுபதுக்கு அறுபத்தொன்றும் சொச்சமும் காட்டும். பொய்தான்; நல்ல பக்கத்துப் பொய். 2508-ஏ போடு என்றேன்.

போட்டுவிட்டு ஒத்துப் பார்த்தான். தோப்பின் நடுப்பாதையில் நூறு மீட்டர் அளந்து இரண்டு கழி நட்டு, பத்து வினாடியில் கடந்தால் மணிக்கு 36. அவன் ஓட்ட, நான் ஸ்டாப்வாட்ச். ஆறு தடவை. முள் 37 பக்கத்திலேயே நின்றது. செல்போன் ஜி.பி.எஸ். தென்னை ஓலைக்கடியில் கொஞ்சம் தடுமாறி, பிறகு அதுவும் 36 என்றது.

"ரோட்டுக்கே போகமுடியாத வண்டிக்கு ஏன்டா இத்தனை கணக்கு?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. புது வண்டி என்றே வைத்துக்கொண்டால், புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இடத்தில் பெரிய கம்பெனிகள் வாங்குகிற சான்றிதழை இவனும் வாங்க வேண்டும். தோப்பில் அத்தனை தேங்காய் கிடையாது. பிரிட்டனில் ஒற்றை வண்டிக்கென்றே ஒரு பரிசோதனை வைத்திருக்கிறார்கள். உருளைமேல் ஏற்றி ஓட்டி, ஸ்பீடாமீட்டரையும் சரிபார்த்துத்தான் ரோட்டுக்கு அனுப்புவார்கள். நம் சட்டம் பயப்படுவதில் தப்பில்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் கண்ட கண்ட வண்டிக்கும் வழி விடச் சொல்லமாட்டார்கள். ஆனால் 'கூடாது' என்று சொல்கிற ஆபீசில், 'கொண்டா, பார்க்கிறேன்' என்று சொல்ல ஒரு ஜன்னலாவது இருக்கலாம் என்பது என் கட்சி. கேட்க ஆளில்லாததால்தான் இவன் தன் வண்டியைத் தானே ஆறு தடவை கேட்டுக்கொள்கிறான்.

சித்தப்பாவுக்கு அவன் சொன்ன பதில் சுருக்கம். "நாளைக்குப் பாப்பா உக்காருவாப்பா இதுல." அவன் மகள். நாலு வயது.

போன ஞாயிறு போயிருந்தேன். தூரம் எண்ணுவதும் அதே சென்சார்தான். ஓடோமீட்டரில் 23 கிலோமீட்டர் ஏறியிருந்தது. தோப்பு கேட்டை வண்டி இன்னும் தாண்டவில்லை. சித்தப்பா குனிந்து அந்த நம்பரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு தூரத்துக்கு பாலக்கோடு போயிட்டு தக்காளி ரேட்டாவது கேட்டுட்டு வந்திருக்கலாம்!"