படத்துக்குப் பக்கத்தில் பெயர் எழுதியாச்சா?

பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது, "இது யாரு?" என்ற கேள்வி வராத வீடு உண்டா? பதில் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒரு ஸ்கிராப்புக் செய்துவிடுங்கள். வீட்டு கம்ப்யூட்டரும் பிரின்டரும் போதும்.

தலைப்புக்கு 'பலூ தம்பி' போன்ற தடித்த எழுத்துரு எடுப்பாக இருக்கும். படத்தின் கதையை எழுத 'நோட்டோ சான்ஸ் தமிழ்' நல்லது. இரண்டுமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். கதைக்கு எழுத்தின் அளவு 14 இருக்கட்டும். பெரியவர்களும் சிரமமின்றிப் படிப்பார்கள்.

"குடும்பத்துடன்" என்று மட்டும் போடாதீர்கள். "1984, கும்பகோணம், பெரிய அத்தை வளைகாப்பு" என ஆண்டு, ஊர், உறவுமுறை மூன்றும் வேண்டும். நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள்.

முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, படத்தின் அருகே வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் 'ஆசிட் ஃப்ரீ' தாளில் எடுங்கள். அது சீக்கிரம் மஞ்சளாகாது. இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கரையலாம். நன்கு காய்ந்த பிறகே ஒட்டுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரி இடம் விடுங்கள். அதில் பாட்டியோ தாத்தாவோ பேனாவால் எழுதட்டும். அவர்கள் கையெழுத்துக்கு எந்த கம்ப்யூட்டரிலும் ஃபான்ட் கிடையாது!