எல்லை தாண்டி வாங்கிய கணினி

ஓசூர் சிப்காட்டில் லேத் பட்டறை நடத்துபவரின் கணினி படுத்துவிட்டால் ஜிஎஸ்டி பில் நிற்கும், டிராயிங் நிற்கும், டெலிவரியும் நிற்கும். வாரண்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போனால், மதர்போர்டு பெங்களூரிலிருந்து வர வேண்டும் என்பார்கள். வாரக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, "உள்ளே ஈரம் பட்டிருக்கிறது, வாரண்டியில் வராது" என்று கைவிரிப்பார்கள். எங்கே பட்டது என்று காட்டச் சொன்னால் பதில் இருக்காது. இது அப்பட்டமான அநியாயம்.

ஓசூரை அடுத்த ஜுஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். பெங்களூரில் வாங்கிய பொருளுக்கு அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்று நினைத்துப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்படியில்லை. நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் தர 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிவிடுகிறது. ஓசூர்க்காரருக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று கம்பெனி வக்கீல் வாதாடலாம். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பவர் தன் பயன்பாட்டுக்கு வாங்கியதை அதே சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை.

பழுதுபார்ப்பில் கழியும் நாள்களை வாரண்டிக் காலத்தோடு சேர்த்துத் தர அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, ரசீது இல்லாமல் கணினியை ஒப்படைக்காதீர்கள். வாரண்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.