இறக்கத்தில் எஞ்சினைக் கைவிடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அமெரிக்காவிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வீடியோ காலில் வந்தான். நம்ம தொப்பூர்ப் பையன். அவன் அப்பா லாரி ஓட்டியவர். இவன் அங்கே வீட்டு ஷெட்டில் ஒரு பழைய பிக்கப் வண்டியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறான். அதிலிருந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டியை மாட்டியிருக்கிறான். ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல்களில் கொண்டுவந்த பெட்டி அது.

"எல்லாம் முடிஞ்சது சார். லாக்கப் ஒயர் ஒண்ணுதான் பாக்கி. டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சு நேரா கரண்ட் குடுத்துடலாம்னு இருக்கேன். ஹைவேல ஆன், ஊருக்குள்ள ஆஃப். சரியா சார்?"

சரியில்லை என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை ஓட விட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். டார்க் கன்வெர்ட்டர் அதே கதைதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுற்ற, அது எண்ணெயை வீசி இன்னொரு சக்கரத்தைச் சுற்றுகிறது. வண்டி நின்றாலும் எஞ்சின் அணையாது, கிளட்ச் மிதியும் வேண்டாம். ஆனால் எண்ணெயில் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் இருக்கும். வழுக்கினால் சூடு. அதனால் வேகம் பிடித்தபின் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைக்க உள்ளே ஒரு கிளட்ச் உண்டு. அதுதான் லாக்கப். ஒரு சோலனாய்டுக்கு 12 வோல்ட் போனால் அது பிணைக்கும், நின்றால் விடும். ஒயரையே கொடுக்காமல் விட்டால் நான்காவது கியரில் எண்ணெய் சூடேறிப் பெட்டி கருகும். ஆகவே ஒயர் கட்டாயம் வேண்டும். கேள்வி, எந்த வழியாகக் கொடுப்பது என்பதுதான்.

முறையான வழி இது. சாவி போட்டால் வரும் கரண்ட், ஃபியூஸ் வழியாக பிரேக் பெடலில் உள்ள ஒரு சுவிட்சுக்கு வரவேண்டும். பெடலைத் தொட்டால் இணைப்பு அறுந்துபோகிற சுவிட்ச். (பிரேக் விளக்கு சுவிட்ச் இதற்கு நேர் எதிர், அதை அப்படியே பயன்படுத்த முடியாது.) அங்கிருந்து சோலனாய்டு. கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டியில் சோலனாய்டின் எர்த்தை, நான்காவது கியர் விழுந்தால் மட்டும் இணைக்கும் அழுத்த சுவிட்ச் வழியாகக் கொடுக்கலாம். ஆக, நான்காவது கியர் இருக்கவேண்டும், பிரேக்கில் கால் இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் லாக்கப்.

அவன் சொன்ன ஒற்றைச் சுவிட்சில் இந்தக் காவல் இரண்டுமே இல்லை. லாக்கப் ஆனில் இருக்கும்போது ஒரு மாடு குறுக்கே வந்து சட்டென்று பிரேக் அடித்தால், சக்கரத்தோடு எஞ்சினும் நின்றுவிடலாம். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெய் பம்பைச் சுற்றுவதும் எஞ்சின்தான். அது நின்றால் அழுத்தம் போகும், உள்ளே கிளட்சுகள் எல்லாம் விட்டுவிடும், பெட்டி நியூட்ரல் ஆனதுபோல்தான். அப்புறம் பிரேக்கை விட்டால் இறக்கத்தில் வண்டி தன்பாட்டுக்கு உருளும்.

"நான் மறக்க மாட்டேன் சார்" என்றான். மறக்க மாட்டேன் என்று சொன்ன எத்தனை பேருடைய வீட்டுப்பாட நோட்டை நான் பார்த்திருக்கிறேன்! "அந்த வண்டி யாருக்குடா?" என்று கேட்டேன். அடுத்த வருஷம் மகள் ஓட்டிப் பழகுவதற்காம். சுவிட்சை வைத்தவனுக்கு அது நினைவிருக்கும். அந்தப் பிள்ளைக்கு?

நியூட்ரல் என்ற சொல்லைக் கேட்டாலே தொப்பூர்க்காரனுக்கு வயிறு கலங்கும். 2020 டிசம்பரில் கணவாயில் ஒரு லாரி மோதிக் கார்கள் வரிசையாக நசுங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலத்தில் நடந்ததை நாடே வீடியோவில் பார்த்தது. ஒரு லாரி பாலத்திலிருந்தே கீழே போனது. நான்கு உயிர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 2.9 கோடி ஜூல். அதாவது எட்டு யூனிட் மின்சாரம். 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. கியரில் இறங்கினால் அதில் ஒரு நல்ல பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக் டிரம்மின் தலையில். டிரம் பழுத்தால் லைனிங் பிடிக்காது. அப்போது பெடலை எவ்வளவு மிதித்தும் பயனில்லை.

டீசல் மிச்சம் என்கிறார்கள். அதுவும் பொய்க்கணக்கு. கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும்.

ஓட்டுநரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரவேண்டும் என்று கழுத்தைப் பிடிக்கும் முதலாளி, அளவுக்கு மீறிய பாரம், தூக்கமில்லாத இரவு எல்லாம் இதில் உண்டு. சுமார் 775 கோடியில் 6.6 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் எந்தப் பாலத்தில் போனாலும் தொப்பூரின் உயரம் உயரம்தான். கியரில் இறங்கும் பழக்கத்தை எந்தப் பாலமும் கற்றுத் தராது.

உறவுகளில் பலர் இப்போது ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறீர்கள். பாளையம் சுங்கச்சாவடி தாண்டி இறங்கும்போது 'டி'யிலேயே விட்டுப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். '2' அல்லது 'எல்' இருந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து அதில் போடுங்கள். ஏஎம்டி என்றால் மேனுவலுக்கு மாற்றி மைனஸ் பக்கம் தட்டுங்கள். லாக்கப்பை நம்பி இறங்க வேண்டாம். பல வண்டிகளில் பிரேக்கைத் தொட்டதும் அது விட்டுவிடும். இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது சின்ன கியர்தான்.

அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "உங்க அப்பா கணவாய்ல எப்படிடா இறங்குவார்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டாவது கியர்ல சார். பின்னாடி எத்தனை பேர் ஹாரன் அடிச்சாலும் மாத்த மாட்டார்."

நேற்று இரவு ஒரு படம் அனுப்பினான். பெடலுக்கு மேலே புது சுவிட்ச். டேஷ்போர்டில் துளை எதுவும் இல்லை.

உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். லாரி ஓட்டுகிற என் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் தவறிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வாத்தியாருக்கும் பாடம் எடுக்கலாம்.

அனைவரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
தொப்பூர்.