அலறுகிற காரும் அசையாத ஓனரும்

முதலில் ஒரு கேள்வி. ராத்திரி தெருவில் ஏதோ ஒரு கார் குய்யோ முய்யோ என்று அலறினால், கடைசியாக எப்போது எழுந்து போய்ப் பார்த்தீர்கள்? நான் போனதே இல்லை. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு "எவன்டா அவன்" என்று ஒரு திட்டு திட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பேன். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். திருடன் வந்திருப்பானோ என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை. திருடனைப் பிடிக்கவென்று காசு கொடுத்து மாட்டிய சாமானுக்கு இந்த கதி!

என் கட்சி இதுதான். காரணமில்லாமல் அடிக்கிற அலாரத்தைச் சரி செய்யாமல் வைத்திருப்பது வெறும் சோம்பேறித்தனம் இல்லை, அக்கம்பக்கத்துக்குச் செய்கிற துரோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே முடிகிற வேலைக்கு "மெக்கானிக்கிட்ட விடணும்" என்று மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது சுத்தமான சாக்கு.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை என்று கேட்பீர்கள். அந்த அலறல் கார் எங்களுடையது.

எங்கள் ஃப்ளாட்டில் மொத்தம் 16 வீடு. அப்பாவின் பழைய காரில், கடையில் தனியாக வாங்கி மாட்டிய அலாரம். மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தண்ணி லாரி போனால் அடிக்கும். பூனை குதித்தால் அடிக்கும். தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அப்பா பால்கனிக்குப் போய் ரிமோட்டை அமுக்கி, "ஒண்ணுமில்லடா, பூனை" என்று சொல்லிவிட்டுப் படுப்பார். இரண்டு மாசம் இப்படியே ஓடியது.

நவம்பரில் ஒரு ராத்திரி மறுபடி அதே சத்தம். அப்பா ரிமோட்டை அமுக்கினார், நிற்கவில்லை. நாலைந்து தடவை அமுக்கினார், அப்போதும் நிற்கவில்லை. பிறகு தானாகவே அடங்கியது. காலையில்தான் தெரிந்தது, அடித்தது எங்கள் கார் இல்லை. முதல் மாடி அங்கிளுடையது. கண்ணாடியை உடைத்து, பின் சீட்டில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பைக்குள் அவர் பெண்ணின் ஒரிஜினல் சர்டிபிகேட் மொத்தமும் இருந்தது. மறுநாள் இன்டர்வியூவுக்காக எடுத்து வைத்தது. வாட்ச்மேன் தாத்தா அப்பாவிடம் சொன்னார்: "உங்க வண்டிதான்னு நெனச்சேன் சார்."

அங்கிள் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"புலி வருது" கதையை நமக்கு இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கதையில் பொய் சொன்ன பையனின் ஆடுதான் போகும். இங்கே பொய் சொன்ன கார் பத்திரமாக நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் பொருள் போகிறது. எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

இனி சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாக்கு 1: "இதெல்லாம் எலக்ட்ரானிக்ஸ், நமக்குப் புரியாது." எது புரியாது? வீண் அலாரத்துக்குப் பெரும்பாலும் நாலே காரணம்தான்.

ஒன்று, பேட்டரி. வோல்டேஜ் இறங்கினால் பல அலாரங்கள் யாரோ கை வைத்துவிட்டதாக நினைத்துக் கத்தும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நல்ல பேட்டரி. 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். அப்புறமும் நிற்கவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இரண்டு, கதவிலும் பானெட்டிலும் இருக்கிற சின்ன ஸ்விட்ச். மூடும்போது அழுந்துகிற குமிழ் அது. துருவோ தண்ணியோ ஏறினால், மூடியிருந்தாலும் "திறந்திருக்கு" என்று சொல்லும். கதவை மூடியும் உள் விளக்கு அணையவில்லையா, சந்தேகமே வேண்டாம், ஸ்விட்ச்தான். பானெட் ஸ்விட்சுக்கு இன்னொரு வழி: அதன் ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். அமைதியாக இருந்தால் திருடன் அகப்பட்டான்.

மூன்று, ஷாக் சென்சார். டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி சைஸில் இருக்கும். அதில் ஒரு குட்டித் திருகு. மாட்டிக்கொடுக்கிறவர்கள் பல பேர் "நல்லா வேலை செய்யுது பாருங்க சார்" என்று காட்ட அதை உச்சத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பிளஸ் மைனஸ் குறி பார்த்து, மைனஸ் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் வண்டியைப் பூட்டி, ஒரு நிமிஷம் பொறுத்து, உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். லேசாகத் தட்டினால் சும்மா இருக்கணும், பலமாகத் தட்டினால் அடிக்கணும். அவ்வளவுதான் கணக்கு.

நான்கு, ரிமோட் செல். அது தீர்ந்தால் அலாரம் தானாக அடிக்காது. ஆனால் அடித்ததை நிறுத்த முடியாமல் ஓனர் பால்கனியில் பரதம் ஆடுவார்.

சாக்கு 2: "கை வச்சா வேற ஏதாவது கெட்டுடும்." இதில் பாதி நியாயம். மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீர்கள், அது ஏர்பேக். எந்த ஒயரையும் வெட்டாதீர்கள். பேட்டரியைக் கழற்ற வேண்டி வந்தால் நெகட்டிவ் முனை முதலில். சில சைரனுக்குள் தனி பேட்டரி இருக்கும், கழற்றியதும் அது அலறும், பயந்து ஓடாதீர்கள். கம்பெனியிலேயே மாட்டி வந்து வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் சர்வீஸுக்கே விடுங்கள். ஆனால் நாளைக்கே விடுங்கள், அடுத்த மாசம் இல்லை. அதுவரை ரிமோட்டை விட்டுவிட்டுச் சாவியால் பூட்டுங்கள். கடையில் வாங்கி மாட்டிய அலாரம் பெரும்பாலும் அப்போது விழித்துக்கொள்ளாது.

சாக்கு 3: "குறைச்சு வச்சா திருடன் வந்தா அடிக்காதே." இதைத்தான் அப்பாவும் சொன்னார். சரி, உச்சத்தில் வைத்து என்ன கிழித்தது? அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் இழப்பீட்டுக் கணக்குகளை அலசிய ஒரு ஆய்வு, அலாரம் உள்ள கார்களில் திருட்டு இழப்பு மொத்தத்தில் குறையவில்லை என்று 1997-லேயே சொல்லிவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டு போகவிடாமல் தடுப்பது இம்மொபிலைசர். சரியான சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. ஐரோப்பிய யூனியன் 1998-லிருந்தும் ஆஸ்திரேலியா 2001-லிருந்தும் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது இந்தச் சத்தமே போடாத சாமானைத்தான். கண்ணாடியை உடைப்பவனை இம்மொபிலைசர் தடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். அங்கேதான் அலாரம் வேண்டும். அதற்கு அலாரத்தை நாலு பேர் நம்ப வேண்டும்!

சாக்கு 4: "கொஞ்ச நேரம்தானே அடிக்குது." நம் நாட்டின் 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல். சைரன் அட்டையில் 100-க்கு மேலே ஒரு எண்ணைப் பெருமையாகப் போட்டு விற்கிறார்கள். தொட்டிலில் இருக்கிற குழந்தைக்கும் மாத்திரை போட்டுத் தூங்குகிற பாட்டிக்கும் "கொஞ்ச நேரம்" என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

எங்கள் காரில் என்ன கோளாறு தெரியுமா? பானெட் ஸ்விட்ச். மழைத்தண்ணி இறங்கித் துருப்பிடித்திருந்தது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினேன். சென்சாரையும் பாதியாகக் குறைத்தேன். மொத்தம் 40 நிமிஷம். செலவு, உப்புத்தாளுக்குக் கொடுத்த சில்லறை. அப்பா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். "இவ்வளவுதானா?" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

இவ்வளவுதான். இந்த 40 நிமிஷத்தை அக்டோபரில் செலவழித்திருந்தால் வாட்ச்மேன் தாத்தா அன்றைக்கு எழுந்து போயிருப்பார். திருடனைப் பிடித்திருப்பாரா என்று தெரியாது. ஆனால் எழுந்தாவது போயிருப்பார். அந்தப் பெண் இப்போது போலீஸ் ஸ்டேஷனுக்கும் யூனிவர்சிட்டிக்கும் டூப்ளிகேட் சர்டிபிகேட்டுக்காக அலைந்துகொண்டிருக்கிறாள். படியில் பார்த்தால் சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

வீட்டில் கார் இருக்கிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போய், பூட்டி, ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். லேசான தட்டுக்கே அலறினால் சாயங்காலத்துக்குள் சரி செய்யுங்கள். முடியாது என்றால் அந்த அலாரத்தை மொத்தமாகவே கழற்றிவிடச் சொல்லுங்கள். அலாரமே இல்லாத கார் யாரையும் ஏமாற்றுவதில்லை.