முதல் ஆள் குற்றவாளி இல்லை!



துப்பறியும் படம் என்றாலே துப்பாக்கி, கார் துரத்தல், இருட்டு, மழை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் ஹால்மார்க் தொலைக்காட்சிக்காக எடுக்கும் துப்பறியும் படங்களில் இதெல்லாம் ரொம்பக் குறைவு. பிஸ்கட் வாசனை, ஊர் வம்பு, கொஞ்சம் காதல், நடுவில் ஒரு கொலை. அவ்வளவுதான்! "இதெல்லாம் ஒரு படமா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் படங்களில் துப்பறிவது யார் தெரியுமா? 'மர்டர், ஷீ பேக்ட்' (2015) படத்தில் பேக்கரி நடத்தும் ஹன்னா. அதே 2015-இல் தொடங்கிய இன்னொரு வரிசையில் நூலகர் அரோரா டீகார்டன். 2019-இல் வந்த 'கிராஸ்வேர்டு மிஸ்டரீஸ்' படங்களில் ஒரு நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிர் ஆசிரியை! இவர்கள் யாருமே போலீஸ் இல்லை. தங்கள் தொழிலில் கற்ற கவனத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். கடைக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் வழக்கத்துக்கு மாறாகப் பேசினார் என்பதெல்லாம் கடைக்காரிக்குத் தெரியாதா என்ன?

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் 'மர்டர், ஷீ ரோட்' தொடரின் ஜெசிகா ஃப்ளெட்சர். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை! ஏஞ்சலா லான்ஸ்பரி நடிப்பில் 1984 முதல் 1996 வரை 264 பகுதிகள் ஓடியது. (எனவே நண்பர்களே, ஆசிரியர்களிடம் எதையும் மறைக்க முடியாது என்பது உலகம் முழுக்கத் தெரிந்த உண்மை!)

காதலைப் பற்றிச் சுவரில் எழுதினால் தமிழய்யா பேனாவைப் பிடுங்கிவிடுவார். அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். கதாநாயகி விரும்புகிறவர் பெரும்பாலும் போலீஸ்காரராகவே இருப்பார். "இது போலீஸ் வேலை, நீ தலையிடாதே" என்று முதலில் முறைப்பார். பிறகு, "சரி, ஆதாரம் எங்கே?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் முக்கியம். அவள் நினைப்பதையெல்லாம் அவர் அப்படியே நம்பிவிடுவதில்லை.

இந்தப் படங்களில் குறையே இல்லையா? இருக்கிறது. ஜெசிகா வசிக்கும் கேபட் கோவ் ஒரு குட்டி ஊர். அங்கே நடக்கும் கொலைகளுக்கு ஊரே காலியாகியிருக்க வேண்டும்! செத்தவருக்காக யாரும் சரியாக அழுவதும் இல்லை. அடுத்த காட்சியிலேயே காபி குடிக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் நான் இந்தப் படங்களை விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. போலீஸ் முதலில் சந்தேகப்படும் ஆள் பெரும்பாலும் குற்றவாளியாக இருக்க மாட்டார். அவரே குற்றவாளி என்றால் படம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், விளம்பரத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது? இது கதை எழுதுபவர்களின் தந்திரம்தான். ஆனால் அந்தத் தந்திரத்துக்குள் ஒரு நியாயமும் இருக்கிறது. ஜெசிகாவின் உறவுக்காரப் பையன் கிரேடி மீது எத்தனை முறை பழி விழுந்தது! "அவன் செய்திருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. செய்தது யார் என்று தேடிப் போனார்.

இப்போது நம்ம வகுப்புக்கு வருவோம். ஜியாமெட்ரி பாக்ஸ் காணோம் என்றால் எல்லோர் கண்ணும் யார் பக்கம் திரும்புகிறது? புதுசாகச் சேர்ந்தவன் பக்கம். கிழிந்த பை வைத்திருப்பவள் பக்கம். "பையைத் திற!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறோம். கடைசியில் அந்தப் பொருள் தொலைத்தவர் வீட்டு மேசையிலேயே இருக்கும். அது கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். பை திறந்து காட்டியவரிடம் யார் போய் மன்னிப்புக் கேட்பது? அவர் அன்று மதியம் சாப்பிட்டாரா என்று யாராவது பார்த்தோமா?

ஆகவே எனது வேண்டுகோள் இதுதான். பொருள் காணாமல் போனால் முதலில் மூன்று கேள்வி கேட்போம். கடைசியாக எப்போது பார்த்தாய்? எங்கே வைத்தாய்? எங்கெல்லாம் தேடினாய்? அதற்குப் பிறகும் பைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஆசிரியர் முன்னிலையில் எல்லார் பையையும் பார்ப்போம். தொலைத்தவர் பையையும் சேர்த்து! ஒருத்தர் பையை மட்டும் வேண்டாம்.

பிஸ்கட் சுடுகிற ஹன்னாவே ஆதாரம் தேடும்போது, பாடம் படிக்கிற நாம் தேடக் கூடாதா? என்ன நண்பர்களே, நான் சொல்வது சரிதானே?